உங்கள் கணக்குக்கு இல்லை

பனி சுரண்டும் தகடு இருக்கிறது.
பிறந்தநாள் அட்டை, தூண்டில் முள், நாய்க்குப் பூச்சி மருந்து,
பதினோரு வகை இருமல் மிட்டாய்.
மொன்டானாவின் இந்த ஒற்றைத் தெரு ஊரில்
என் மருந்துக்கடையில் கிடைக்காதது ஒன்றுமில்லை என்று
கோதுமைக் கிடங்கு ஆட்கள் கேலி பேசுவார்கள்.
நானும் சிரித்துவைப்பேன்,
வெர்னா டோலெஃப்சன் அந்தச் சீட்டை நீட்டும் வரை.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காரணமே இல்லாமல் சில நாள் உதடு வீங்கும், சில நாள் கை.
ஒரு தடவை தொண்டை.
அன்று வண்டியை ஓரங்கட்டி
பதினான்கு பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டினாளாம்:
யாரும் இறங்க வேண்டாம். ஆள் வருகிறது.

அதற்கு மருந்து உண்டு. விரல் நீள ஊசி, முழ நீளப் பெயர்.
கணினியில் தட்டினேன். மொத்த வியாபாரியின் பதில்:
'உங்கள் கணக்குக்கு இல்லை.'

இருபத்தாறு வருடமாக இல்லை சொல்லிப் பழகிய வாய் இது.
வியாழக்கிழமை வரும் என்கிற இல்லை.
அதே மருந்து வேறு பெயரில் தரட்டுமா என்கிற இல்லை.
இந்த இல்லைக்கு மட்டும்
எந்தப் பக்கமும் கதவு காணோம்.
நாடு முழுக்க மூன்றே கிடங்குகள்தான் விற்கலாமாம்.
பட்டியலில் என் பெயர் ஏற வழி கேட்டேன்.
நாற்பது நிமிடம் வாத்திய இசை,
அப்புறம் லைன் அறுந்துபோனது.

ஏறியிருந்தால் மட்டும் என்ன?
ஒரு பெட்டியின் விலைக்கு என் வண்டியை இரண்டு தரம் வாங்கலாம்.
முதலை நான் போட வேண்டும்.
காப்பீட்டுக்காரன் திருப்பித் தருவது
வாங்கிய விலைக்கும் நானூறு டாலர் கீழே.
நடுவில் மருத்துவர் வேறு ஊசிக்கு மாற்றிவிட்டால்
காலாவதித் தேதி எனக்கு.
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று
எல்லாவற்றையும் விளக்கினேன்.
வெர்னா கையுறையைக் கழற்றவேயில்லை.
"அப்போ இருமல் மிட்டாய்தான்," என்றாள்.

முன் அனுமதிப் படிவம் போனது. பதினேழு நாள்.
மறுத்தார்கள். மருத்துவர் திரும்ப எழுதினார்.
கடைசியில் ஒரு தெர்மோகோல் பெட்டி விமானம் ஏறியது,
உள்ளே பனிப்பைகள், மேலே சிவப்பு எழுத்து:
கையெழுத்து இல்லாமல் தரக்கூடாது.

வேன் வருவது காலை ஏழே முக்காலுக்கு.
வெர்னா அப்போது ஹால்வர்சன் பண்ணை வளைவில்
ஹாரன் அடித்துக்கொண்டிருப்பாள்.
கதவில் ஒரு துண்டுச்சீட்டு. மறுநாள் இன்னொன்று.
மூன்றாம் நாள் பெட்டி பில்லிங்ஸுக்கே திரும்பி
அங்கே ஏதோ வெதுவெதுப்பான அறையில்
யாருக்கும் உதவாமல் தண்ணீரானது.

பிறகு அவள் விலாசத்தை மாற்றினாள்.
இப்போது மாதாமாதம் என் கடைக்கு வருகிறது.
நான் கையெழுத்துப் போடுகிறேன், தெரிந்தவள் என்ற முறையில்.
மருந்து ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது, அது என் சரக்கில்லை.
பின்னறையில்,
என் மதியச் சாப்பாட்டுக்கும் வெள்ளரி ஊறுகாய்ப் புட்டிக்கும் இடையே
ஒரு வெப்பமானியைத் துணைக்கு வைத்திருக்கிறேன்.

நேற்று கடை சாத்தும் நேரம் ஒரு போன்.
நூற்றுப்பத்து மைல் தள்ளி இருக்கிறாராம், ஆர்லின் பியூட்ரி,
மகனுக்காகக் கேட்கிறார். இது ஒன்பதாவது கடை.
மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
இடையில் நிறுத்த மனம் வரவில்லை.
"இப்போதே வேண்டுமா?"
"இல்லை. இனி வரப்போவதற்கு."
"..."
"இருக்கா அம்மா?"

பின்னறைக் கதவு திறந்துதான் கிடந்தது.
ஃப்ரிட்ஜ் ஒரு தரம் உறுமி அடங்கியது.
உள்ளே வெர்னாவின் பெயர் ஒட்டிய பெட்டி,
நேற்றுக் காலை வந்தது.

"இல்லை," என்றேன்.
நன்றி சொல்லி வைக்கப் போனார்.
வைக்காதீர்கள், பேனா எடுங்கள்,
ஓர் எண் தருகிறேன்,
நெடுநேரம் இசை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அவர் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஒன்று,
காலை ஏழே முக்காலுக்கு
உங்கள் வீட்டில் யார் இருப்பீர்கள்?"